பராமரிப்புக் கோப்பு

என் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. நாலு விரல் தடிப்பு. எண்ணெய் மாற்றிய திகதி, பெல்ற் மாற்றிய திகதி, அது எத்தனையாவது கிலோமீற்றர், யார் செய்தது, எவ்வளவு காசு என்று எல்லாம் அதில் உண்டு. எனக்கு முன் அந்தக் காரை வைத்திருந்த இரண்டு பேருடைய பற்றுச்சீட்டுகளும் அதற்குள் இருக்கின்றன. 1986ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை அந்தக் காருக்கு என்ன நோவு வந்தது, என்ன வைத்தியம் நடந்தது என்று முன்பின் தெரியாத ஒருவர்கூட அரை மணித்தியாலத்தில் வாசித்து அறியலாம்.

போன மாசியில் ஒரே கிழமையில் எங்கள் வீட்டில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. திங்கட்கிழமை காருக்கு, வியாழக்கிழமை அம்மாவுக்கு. காருக்கு நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. கணக்கெழுதுவதையே தொழிலாகச் செய்பவள் நான்.

பெண்களுக்கான தொகுப்பொன்றில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். என் சிநேகிதிகளே கேட்டிருக்கிறார்கள். ஆண்களின் விளையாட்டுச் சாமான், காற்றைக் கெடுப்பது, காசைத் தின்பது. மூன்றும் சரிதான். ஆனாலும் வைத்திருக்கிறேன். அதை ஓட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு நியாயம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘நம்பகம்’ என்ற சொல்லை நாங்கள் எதற்கெல்லாம், யாருக்கெல்லாம் பாவிக்கிறோம் என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்தக் கார்தான். அதற்காகவே அதைப் பற்றி எழுதுகிறேன்.

கார் ஒரு போர்ஷே 944. தென்ஜேர்மனியில் நான் இருக்கும் ஹைல்புரோனுக்குப் பக்கத்து ஊரான நெக்கார்சுல்மில், ஆடித் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது. இரண்டரை லீற்றர், நாலு சிலிண்டர், 163 குதிரைவலு, மணிக்கு 220 கிலோமீற்றர். அந்த நாளில் அது பெரிய வேகம். இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட வலு அதிகம். அது செய்யப்பட்ட 1986இல்தான் அம்மா என்னையும் தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவிடம் இங்கே வந்தார். எனக்கு ஒன்பது வயது. மணமுறிவுக்குப் பிறகு, 2015இல், என் சொந்தக் காசில் அந்தக் காரை வாங்கினேன்.

வாங்கிய நாளிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “நம்பி ஓடலாமா?”

ஓடலாம். ஆனால் அந்த ‘ஓடலாம்’ என்பதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இந்த எஞ்சினின் முன்பக்கத்தில் ரைமிங் பெல்ற் என்ற பல்லுள்ள றப்பர்ப் பட்டி ஒன்று சுற்றுகிறது. கீழே பிஸ்ரன்கள் ஏறி இறங்குவதையும் மேலே வால்வுகள் திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அதுதான். அது அறுந்தால் திறந்த வால்வுகளில் பிஸ்ரன்கள் மோதும், வால்வுகள் வளையும், எஞ்சின் போய்விடும். அறுவதற்கு முன் அது சத்தம் போடுவதில்லை. ஆகவே நல்லதாய்த் தெரியும்போதே மாற்ற வேண்டும். நான் நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அதோடு எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் சமன்தண்டுகளுக்கான இரண்டாவது பெல்ற், உருளைகள், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் மாற்ற வேண்டும். என்னுடையதைப் போன்ற முந்தைய எஞ்சின்களில் புதுப் பெல்ற் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடித் தளர்ந்த பிறகு, திரும்ப இழுவை பார்த்து இறுக்கவும் வேண்டும். கடைசியாகச் செய்தபோது 1,480 யூரோ. அந்தக் காசுக்குப் பிறகு கார் முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது. ஒரு மாற்றமும் தெரியவில்லை. பராமரிப்பின் பலன் பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றும் நடக்காமல் இருப்பது. காலையில் தேத்தண்ணி மேசையில் இருப்பதுபோல.

கிளட்ச் இன்னொரு கதை. எடை சமமாகப் பரவட்டும் என்று இந்தக் காரில் எஞ்சினை முன்னும் கியர்பெட்டியைப் பின்னும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரு நீளக் குழாய்க்குள் சுழலும் தண்டு இணைக்கிறது. திருப்பங்களில் அது ஓடும் அழகுக்கு அதுதான் காரணம். அதனாலேயே கையளவுக் கிளட்ச் தட்டை மாற்றப் புகைக்குழாய், கியர்பெட்டி, நீளக் குழாய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பழைய தட்டின் நடுவில் உள்ள றப்பர் வயதாக ஆக உதிர்ந்துவிடும். தட்டின் விலை கொஞ்சம்தான். அதை எட்டுவதற்கான கூலி பல மடங்கு.

பிறகு அந்தச் சின்ன ரிலே. எஞ்சின் கணினிக்கும் பெற்றோல் பம்புக்கும் மின்சாரம் விடும், தீப்பெட்டியளவுச் சாமான். காலப்போக்கில் உள்ளேயிருக்கும் ஈயப் பற்றவைப்பு வெடிக்கும். கார் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். 944 வைத்திருப்பவர்கள் அனேகமாக எல்லோரும் ஒரு மேலதிக ரிலேயைக் காருக்குள் வைத்திருப்பார்கள். என்னுடையது ஒரு மழைநாளில் வீதியோரத்தில் நின்றது. பழையதைக் காலத்தோடு மாற்றாமல் விட்ட பிழை என்னுடையதுதான். இரண்டு பேர் காரை நிறுத்தி “கணவருக்குப் போன் எடுக்கட்டுமா?” என்று கேட்டார்கள். நான் கால்வைக்கும் இடத்துக்கு மேலே தலையை நுழைத்து, மல்லாந்து கிடந்து, புது ரிலேயைப் பொருத்தினேன். கார் பற்றிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைத் திருமணத்தன்றுகூட நான் அறியவில்லை. இது மிகைப்படுத்தல்தான், விடுங்கள்.

இந்தக் காரிலும் இதற்கு முந்தைய 924இலும் ஜேர்மன்காரர் ஒட்டிய பட்டப்பெயர் ஒன்று உண்டு: ‘ஹவுஸ்ஃபிராவன் போர்ஷே’, அதாவது இல்லத்தரசிகளின் போர்ஷே. எஞ்சின் பின்னால் இல்லை, ஆறு சிலிண்டர் இல்லை, விலையும் குறைவு; ஆகவே பெண்களுக்கானது. காரைக் கேவலப்படுத்த அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘இல்லத்தரசி’. 924 விற்பனைக்கு வந்தது 1976இல். அப்போது மேற்கு ஜேர்மனியில் சட்டப்படி வீட்டைப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் வராவிட்டால் மட்டுமே அவர் வெளியில் வேலைக்குப் போகலாம். அந்தச் சட்டம் மாறியது 1977இல். யாருடைய வேலையின்மேல் நாடு நின்றதோ, அவருடைய பெயரே ஏளனச் சொல்லாகவும் இருந்தது.

கார் ஓட்டத்தின் வரலாறே ஒரு பெண்ணின் பராமரிப்பு வேலையோடுதான் தொடங்குகிறது. 1888 ஆவணியில் பெர்த்தா பென்ஸ், தன் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டியால் மூடினார். வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது வழியில் ஒரு சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிப்பித்தார். தொப்பி ஊசியையும் காலுறைப் பட்டியையும் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், பெண்கள் கைப்பையில் என்னவெல்லாம் இருக்கும் என்பதுபோல. எனக்கு அதில் தெரிவது பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனக் காசிலிருந்து ஒரு பங்கை எடுத்து, கார்லின் தொழிலைக் கூட்டாளியிடமிருந்து மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான். கட்டிய பிறகு அந்தக் காலச் சட்டப்படி அந்தத் தொழிலில் அவருக்குப் பேச உரிமை இருக்கவில்லை. காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது பென்ஸ் நிறுவனத்தின் பெயர்.

இனி அம்மா.

அம்மா இருபத்தாறு வருடம் கந்தோர்கள் துடைத்தார். விடிய நாலரைக்குப் போய் ஏழு மணிக்கு வந்து எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். பின்னேரம் ஓர் உணவகக் குசினியில் சட்டி கழுவினார். தம்பிமாருக்குப் பிள்ளைகள் பிறந்ததும் அந்த ஐந்து பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். எங்கள் குடும்பத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லும் புகழ்ச்சி ஒன்றுதான்: “அவ ஒரு நாளும் ஏலாதெண்டு படுத்ததில்லை.” அப்பாவின் செத்தவீட்டில்கூட ஒருவர் அதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இப்போது அம்மாவுக்கு எழுபத்து நாலு. இரண்டு முழங்காலும் தேய்ந்து போயின. இரண்டாம் மாடிக்கு ஏற நடுப்படியில் இருந்து இருந்து வருவார். குளிக்கும்போது நான் பின்னால் நின்று பிடிக்க வேண்டும்.

இந்த நாட்டில் பராமரிப்புக் காப்புறுதி என்று ஒன்று உண்டு. விண்ணப்பித்தால் ஒரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து, ஆறு பிரிவுகளில் கேள்வி கேட்டு, புள்ளி போட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு நிலை கொடுப்பார். 27 புள்ளி எடுத்தால் இரண்டாம் நிலை. மாதாமாதம் பராமரிப்புக் காசு கிடைப்பது அங்கிருந்துதான். சமைக்க முடிகிறதா, துடைக்க முடிகிறதா என்றும் கேட்பார்கள். ஆனால் வீட்டு வேலைக்குப் புள்ளி கிடையாது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை இனி முடியாது என்று ஆகும்போதுகூட அது கணக்கில் வரவில்லை.

வியாழக்கிழமை அம்மா நாலு மணிக்கே எழும்பிவிட்டார். நல்ல சேலை உடுத்தார். கைத்தடியை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன். வந்தவருக்குத் தானே தேத்தண்ணி போட்டார், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு. நான் மொழிபெயர்ப்பாளர்.

“படி ஏறுவீங்களா?”

“ஓம், ஏறுவன்.”

“தனியக் குளிப்பீங்களா?”

“நானேதான் குளிப்பன். பிள்ளை சும்மா பயப்பிடுது.”

அம்மா பொய் சொன்னார். நான் அதைச் சுத்தமான ஜேர்மனில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். வேற்று ஆளுக்கு முன்னால், அம்மா இருக்கும்போதே, அம்மாவுக்கு இது ஏலாது, அது ஏலாது என்று சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. திங்கட்கிழமை அதே நாக்கு தடங்கலின்றி வேலை செய்தது. பரிசோதகரிடம் நானாகவே சொன்னேன்: முன் இடதுபக்கத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, பாருங்கள் என்று. அவர் பார்த்தார். கீழ்க்கை மூட்டு தளர்ந்திருந்தது. ‘குறிப்பிடத்தக்க குறைபாடு’ என்று எழுதி, திருத்திக்கொண்டு வர ஒரு மாதம் தந்தார். கார் வெட்கப்படவில்லை. நானும் வெட்கப்படவில்லை. தேய்வது அதன் இயல்பு. அதை எழுதி வைப்பது எங்கள் வேலை.

அம்மாவுக்கு வந்த கடிதத்தில் 21.25 புள்ளி. முதலாம் நிலை.

1986இல் அனெற் பேயர் என்ற பெண் தத்துவவாதி நம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறத்தைப் பற்றி எழுதிய பெரியவர்கள் பெரும்பாலும் சமவலுவுள்ள ஆட்கள் ஒருவரோடு ஒருவர் செய்யும் ஒப்பந்தங்களையே பேசினார்கள், குழந்தை தாயை நம்புவது போன்ற சமமில்லாத உறவுகளை விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய குறை. ஒன்றைச் சார்ந்திருப்பதும் ஒருவரை நம்புவதும் வேறு என்றார். சார்ந்திருக்கும் பொருள் கைவிட்டால் ஏமாற்றம். நம்பிய ஆள் கைவிட்டால் துரோகம். பிறகு ஒரு சோதனையும் வைத்தார். ஒரு நம்பிக்கை உறவு எதன்மேல் நிற்கிறது, ஒருவர் மற்றவரின் எந்தக் குணத்தில் சாய்ந்திருக்கிறார் என்பதை இருவருக்கும் வெளிப்படையாகச் சொன்னால், அதற்குப் பிறகும் அந்த உறவு நிற்குமா? நிற்குமென்றால் அது நேர்மையான உறவு.

எனக்கும் காருக்கும் இடையில் அப்படி வெளியே சொல்லக்கூடாத ஒன்றும் இல்லை. எவ்வளவு கொடுக்கிறேன், எவ்வளவு கிடைக்கிறது, எல்லாம் கோப்பில் இருக்கிறது. அம்மாவின் விஷயத்தில் நாங்கள் எதன்மேல் சாய்ந்திருந்தோம் என்று எழுதிப் பார்த்தேன். அவருடைய அன்பின்மேல், அது உண்மை. ஜேர்மன் தெரியாததால் வேறு போக்கிடம் இல்லை என்பதன்மேலும். “சனம் என்ன சொல்லும்” என்ற பயத்தின்மேலும். நோகுது என்று சொல்லப் பழகாத வாயின்மேலும். இதை அம்மாவுக்கு முன்னால் உரத்து வாசிக்க என்னால் முடியுமா? வாசித்த பிறகு முன்போல அவர் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிக்க முடியுமா?

அம்மாவைக் காரோடு ஒப்பிடுவது மரியாதையில்லை என்று தம்பி சொன்னான். எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஒப்பீட்டில் கார் அல்லவா மேலே நிற்கிறது! முப்பது வருடம் கடந்து, பெரும்பாலும் பழைய வடிவம் மாறாமல், நல்லபடி பேணப்பட்ட வாகனத்தை இந்த நாட்டுச் சட்டம் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றுக்கொள்கிறது. இலக்கத்தகட்டின் முடிவில் ‘எச்’ என்று ஓர் எழுத்து கிடைக்கும். வருட வரி 191 யூரோ 73 சதம், அவ்வளவுதான். அம்மா வந்து முப்பத்தொன்பது வருடம்.

இந்தக் கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் மானியின் பிளாஸ்ரிக் பற்சக்கரம் வயதாகி உடைந்து போவதுண்டு. என்னுடையது 187,412இல் நின்றது. கார் ஓடிக்கொண்டிருந்தது, தேய்ந்துகொண்டிருந்தது, இலக்கம் மட்டும் அசையவில்லை. சக்கரத்தை மாற்றும்வரை ஒரு வருடம் கொப்பியில் நானே குத்துமதிப்பாக எழுதினேன். அம்மாவின் மானி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சம்பளம் வந்த வேலைகளுக்கு ஓய்வூதியக் கந்தோரில் பதிவு உண்டு. ஐந்து பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பதிவும் இல்லை.

தம்பிமார் ஒரு தீர்வு சொன்னார்கள். “அம்மா இனி ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கோ.” கத்தியையும் சட்டியையும் வாங்கி வைத்துவிட்டார்கள். என் காரைப் பார்க்கும் முதிய மெக்கானிக்கிடம் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்கும். ஓடித் தேய்ந்த காரைவிட, மூடி வைத்த காருக்கே அவர் அதிகம் பயப்படுவார். அடைப்பு றப்பர்கள் காய்ந்து எண்ணெய் ஒழுகும். ரயர்கள் நின்ற இடத்தில் தட்டையாகும். தாங்கியில் பெற்றோல் கெட்டுப்போகும். ஜேர்மனில் இயந்திரத்தைப் பராமரிப்பதற்கு ஒரு சொல், மனிதரைப் பராமரிப்பதற்கு வேறு சொல். இயந்திரத்துக்கான ‘வார்ற்றுங்’ பிறந்த வினைக்குக் காத்திருத்தல் என்றும் பொருள் உண்டு. தமிழில் இரண்டுக்கும் ‘பராமரிப்பு’ என்ற ஒரே சொல். அது எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவின் சட்டியை நான் திருப்பிக் கொடுத்தேன். உயரமான கதிரை ஒன்று வாங்கி அடுப்பின் முன் போட்டேன். இருந்துகொண்டு வெங்காயம் வெட்டுகிறார்.

முடிவை மறுத்து எழுத அங்கும் ஒரு மாதம்தான் தந்திருந்தார்கள். பராமரிப்பு நாட்குறிப்பு எழுதி இணைத்தால் நல்லது என்று ஆலோசனை நிலையத்தில் சொன்னார்கள். அம்மாவிடம் கொப்பியையும் பேனையையும் கொடுத்து, ஒவ்வொரு நாளும் எது ஏலாமல் போனது என்று உண்மையை எழுதுங்கோ என்றேன்.

“உதையெல்லாம் எழுதி என்ன, பிள்ளை? பிச்சை கேக்கிறமோ?”

“இல்லை அம்மா. நீங்கள் எவ்வளவு காலம் காப்புறுதி கட்டினனீங்கள்.”

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீலக் கோப்பைக் காட்டச் சொன்னார். மடியில் வைத்து நெடுநேரம் புரட்டினார். ஜேர்மன் வாசிக்க வராது. ஆனால் இலக்கங்கள் தெரியும். கிளட்ச் பற்றுச்சீட்டில் விரலை வைத்து, “உந்தக் கிழட்டுக் காருக்கு இவ்வளவு காசோ?” என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, வேறு விதமாகக் கேட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை.

முதல் ஐந்து நாளும் கொப்பியில் என்னைப் பற்றித்தான் இருந்தது. பிள்ளை வேலையால் பிந்தி வந்தது. பிள்ளைக்குத் தடிமன். பிள்ளை காருக்குக் கீழே படுத்து எதையோ பூட்டினது, உடுப்பெல்லாம் எண்ணெய். ஆறாம் நாள், முத்து முத்தான கையெழுத்தில், இரண்டு வரி:

‘ராத்திரி மூண்டு தரம் எழும்பினான். சுவரைப் பிடிச்சுக்கொண்டு போனான், பிள்ளையைக் கூப்பிடேல்லை.’

அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்து, பிரதி எடுத்து, மறுப்புக் கடிதத்தோடு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. கொப்பி முடிந்து இப்போது இரண்டாவது கொப்பி. முதல் கொப்பி நீலக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. காருக்குப் பெல்ற் மாற்றும் தவணை அடுத்த சித்திரையில் வருகிறது. முழங்கால் வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிப்போகும் நாள் வருகிற செவ்வாய். என் காரின் இருக்கை நிலத்தோடு ஒட்டியது, அதற்குள் அம்மாவால் இறங்கி ஏற ஏலாது. வாடகைக் கார் சொல்லியிருக்கிறேன்.